பழுது நீக்கும் உரிமை யாருக்கு?

புது தில்லி:

தெற்கு தில்லியின் நேரு பிளேஸ் வணிக வளாகத்தில், மாடிப்படிகளின் அடியிலும் நடைபாதை ஓரங்களிலும் சிறு மேஜை போட்டு அமர்ந்திருப்போரைச் சுற்றி எப்போதும் சிறு கூட்டம் காணப்படும். திரை உடைந்த மடிக்கணினி, எழுத்துகள் சில இயங்காத விசைப்பலகை, மின்னேற்றம் ஏறாத செல்பேசி என ஆளுக்கொரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சேவை மையங்களில் "பலகையையே மாற்ற வேண்டும்" என்று கைவிரிக்கப்படும் கருவிகளை, இங்குள்ளவர்கள் கடுகளவு பாகம் ஒன்றை மட்டும் மாற்றி இயங்க வைத்துவிடுவதும் உண்டு.

கரோல் பாகின் கஃபார் மார்க்கெட், செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு என ஒவ்வொரு பெருநகரத்துக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. பழைய பொருளைத் தூக்கி எறிய மனம் வராத நடுத்தரக் குடும்பங்களின் சிக்கனமும், பட்டறிவால் தொழில் கற்ற இளைஞர்களின் கைத்திறனும் சேர்ந்து வளர்த்த சந்தை இது.

இந்தச் சந்தைக்கும் முந்தைய கட்டம் ஒன்று உண்டு. அது வீடு. பழுதானதாகக் கருதப்படும் பொருள்களில் கணிசமானவை, உண்மையில் பழுதடையாதவை. அல்லது வீட்டிலேயே சில நிமிடங்களில் சரிசெய்யத் தக்கவை. தாமே எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லைக்கோட்டை அண்மைக்காலம் வரை கைத்திறனும் பாதுகாப்பும்தான் வரைந்தன. இப்போது அந்தக் கோட்டைத் தயாரிப்பாளரின் பசையும் பூட்டும் மென்பொருளும் வரையத் தொடங்கியுள்ளன. அதனால்தான், சமையலறைச் சங்கதியாக இருந்த ஒன்று, கிருஷி பவனில் உள்ள நுகர்வோர் விவகாரத் துறையின் கோப்புகளுக்குள் நுழைந்திருக்கிறது.

இரண்டரை மைக்ரோஃபாரட் பாடம்

இந்திய வீடுகளில் மிகப் பரவலான பழுது எது என்று கேட்டால், மெதுவாகச் சுழலும் மின்விசிறியைச் சொல்லலாம். கோடை உச்சத்தில் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தாலும் காற்று வராது. அல்லது மோட்டார் முனகும், கையால் தள்ளிவிட்டால்தான் சுழலும். பெரும்பாலான வீடுகளில் மோட்டார் எரிந்துவிட்டதாக அஞ்சுவார்கள். ஆனால், பெரும்பாலும் குற்றவாளி, விசிறியின் மேல் மூடிக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சிறு பொருளே. கெபாசிட்டர் என்றும், தமிழகத்து எலக்ட்ரீஷியன்களின் வழக்கில் 'கண்டன்சர்' என்றும் அழைக்கப்படும் அது, சாதாரணக் கூரை விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் அளவுடையது. சில பத்து ரூபாய்களில் எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, பழையதில் அச்சிடப்பட்ட அளவையே கேட்டு வாங்கி மாற்றினால் விசிறி மீண்டும் பழைய வேகம் பெறும்.

மிக்ஸி திடீரென நின்றுவிட்டால், அதைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பகுதியைப் பார்ப்பது முதல் வேலை. பெரும்பாலான மிக்ஸிகளில் சுமை மிகும்போது மோட்டாரைக் காப்பதற்காகத் தானே துண்டித்துக்கொள்ளும் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சில நிமிடங்கள் ஆறவிட்டு அதை அழுத்தினால் போதும். மோட்டார் ஓடுகிறது, ஜாரின் பிளேடு மட்டும் சுழலவில்லை என்றால் இரண்டையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கலாம். இதுவும் சொற்ப விலையே.

சலவை இயந்திரத்தில் தண்ணீர் மெதுவாக ஏறினால், குழாய் இணையும் இடத்தில் உள்ள சல்லடையில் மணலும் துருவும் அடைத்திருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷே அதற்குப் போதுமான கருவி. ஃபிரிட்ஜில் குளிர் நிற்கவில்லை என்றால், கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் தடையின்றி வந்துவிட்டால் ரப்பரில் அழுக்கு சேர்ந்திருக்கிறது அல்லது அது தளர்ந்துவிட்டது என்று பொருள். தொலைக்காட்சி ரிமோட் இயங்குகிறதா என்று அறிய, அதைச் செல்பேசியின் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் மின்னும். பின்புறக் கேமராவில் தெரியாவிட்டால் முன்புறக் கேமராவில் பார்க்கலாம். ஒளி வராவிட்டால் பேட்டரியையும், அது தொடும் உலோகப் பட்டைகளில் படிந்த துருவையும் கவனிக்க வேண்டும்.

கணினியும் செல்பேசியும்

மென்பொருள் பழுதுகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். அணைத்துவிட்டு மீண்டும் இயக்குவது என்ற எளிய யோசனையைப் பலரும் கேலியாகக் கருதுவதுண்டு. ஆனால் அதில் காரணம் இருக்கிறது. நாள் கணக்கில் ஓடும் கருவியில், சிக்கிக்கொண்ட நிரல்கள் நினைவகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மறுதொடக்கம் அவற்றை விடுவித்து, எல்லாவற்றையும் சுத்தமான நிலையிலிருந்து தொடங்கச் செய்கிறது. இணைய இணைப்பு தரும் ரவுட்டருக்கும் இது பொருந்தும்.

கணினி மந்தமானால் மூன்றைப் பார்க்க வேண்டும். சேமிப்பகம் நிரம்பிவிட்டதா, கணினி தொடங்கும்போதே தேவையற்ற நிரல்கள் பல தாமாகத் தொடங்குகின்றனவா, காற்றுத் துளைகளில் தூசி அடைத்துச் சூடேறுகிறதா என்பவையே அவை. பழைய கணினியில் சுழலும் தட்டுடைய ஹார்டு டிஸ்க் இருந்தால், அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகத்தைப் பொருத்துவது, புதிய கணினி வாங்கும் செலவில் சிறு பகுதியிலேயே பெரும் வேகத்தைத் தரும்.

செல்பேசியில் மின்னேற்றம் சரிவர ஏறாவிட்டால், சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் துளைக்குள் இறுகிக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கருவியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்ல அகற்றலாம். ஊசியோ உலோகமோ கூடாது. ஆண்ட்ராய்டு கருவி அடிக்கடி நின்றுபோனால் 'சேஃப் மோட்' எனப்படும் பாதுகாப்பு நிலையில் இயக்கிப் பார்க்கலாம். அந்நிலையில் ஒழுங்காக இயங்கினால், குறை கருவியில் இல்லை, அண்மையில் நிறுவிய ஏதோவொரு செயலியில் இருக்கிறது என்று தெளிவாகும். நனைந்த செல்பேசியை அரிசிப் பானையில் போடும் வழக்கம் பயனற்றது. அரிசித் தூள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பிலேயே எச்சரிக்கப்பட்டுள்ளது. உடனே அணைத்து, மின்னேற்றாமல், காற்றோட்டமான இடத்தில் உலர விடுவதே சரி.

எந்தப் பழுதையும் அணுகுவதற்கு நான்கு விதிகள் உண்டு. கோப்புகளுக்கு முதலில் நகல் எடுத்துக்கொள்வது. திரையில் தோன்றும் பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்வது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்ப்பது. எதையேனும் பிரித்தால், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, திருகாணிகளை வரிசை மாறாமல் வைப்பது. அனுபவம் மிக்க பழுது நீக்குவோர் கடைப்பிடிப்பதும் இவற்றைத்தான்.

தொடக்கூடாதவை

ஆர்வத்துக்கு அணை போட வேண்டிய இடங்களும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே உள்ள கெபாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தில் இயங்குவது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அதில் மின்னூட்டம் எஞ்சியிருக்கக்கூடும். கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் மின்சாரம் வழங்கும் பெட்டிகளுக்குள்ளும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பழைய கனமான கண்ணாடிக் குழாய் தொலைக்காட்சிகளும் அவ்வாறே.

உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதோ, துளைப்பதோ, மின்னேற்றுவதோ தீ விபத்தில் முடியும். ஏ.சி. இயந்திரத்தின் வடிகட்டியைக் கழுவி மாட்டுவது வீட்டார் வேலை. குளிர்வாயுக் குழாயில் கை வைப்பது பயிற்சி பெற்றவர் வேலை. இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் உள்ள வாயு தீப்பற்றும் தன்மையுடையது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இந்த எல்லைகள் நியாயமானவை. இயற்பியல் வரைந்த கோடுகள் இவை; இவற்றை யாரும் எதிர்ப்பதில்லை.

உதவி என்ற பெயரில்

அறியாமைக்கு இன்னொரு விலையும் உண்டு. கணினித் திரையில் திடீரென "வைரஸ் தாக்கியுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று தோன்றும் எச்சரிக்கையை நம்பிப் பணம் இழந்தோர் உலகெங்கும் உள்ளனர். அந்த அழைப்புகளை ஏற்கும் போலி மையங்களில் பல இந்திய நகரங்களிலிருந்தே இயங்கின என்பது வெட்கத்துக்குரிய உண்மை. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் 2023 அக்டோபரில் சிபிஐ நாடு முழுவதும் நடத்திய சோதனைகளில், இத்தகைய தொழில்நுட்ப உதவி மோசடிகள் முக்கிய இலக்காக இருந்தன.

உள்நாட்டில் மோசடியின் வடிவம் சற்று மாறுபட்டது. பழுதான பொருளுக்கு வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடுபவர், மோசடியாளர் பதித்து வைத்த எண்ணை அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவர், தொலைவிலிருந்தே திரையைப் பார்க்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்கிறார். அத்துடன் வங்கிக் கணக்கின் சாவியும் கைமாறிவிடுகிறது. இத்தகைய செயலி ஒன்றின் வழியாக நடைபெறும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

சேவை எண்ணைப் பொருளுடன் வந்த கையேட்டிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். நிரலில் தீங்கு நுழைந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், அதை நீக்கும் கருவிகளை இலவசமாக அளிப்பதற்கென்றே மத்திய அரசு 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா'வைத் தொடங்கியது. அப்படி ஒன்று இருப்பதை எத்தனை குடும்பங்கள் அறியும் என்பது வேறு கேள்வி.

பசையும் பூட்டும்

இதுவரை சொன்னவை, தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும் சிக்கல்கள். தெரிந்தும் தீர்க்க முடியாதபடி செய்யப்படும் பொருள்கள்தான் இன்றைய விவாதத்தின் மையம்.

ஒரு காலத்தில் செல்பேசியின் பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியை எவரும் மாற்றலாம். இன்று பெரும்பாலான கருவிகளில் அது பசையால் ஒட்டப்பட்டு, சூடேற்றிப் பிரித்தால் மட்டுமே வெளியே வரும் நிலையில் உள்ளது. சாதாரணத் திருப்புளி நுழையாத தலையுடைய திருகாணிகள், வெளியாருக்கு வழங்கப்படாத சுற்று வரைபடங்கள், தனித்து விற்கப்படாத சிறு பாகங்கள் ஆகியவை அடுத்தடுத்த தடைகள். எல்லாவற்றிலும் புதியது, உதிரிபாகத்தை மென்பொருளால் கருவியுடன் பிணைக்கும் முறை. அதே நிறுவனத்தின் இன்னொரு கருவியிலிருந்து எடுத்த அசல் திரையைப் பொருத்தினாலும், நிறுவனத்தின் மென்பொருள் அங்கீகரிக்காவிட்டால் சில வசதிகள் இயங்க மறுக்கும்.

மின்விசிறியிலேயே இந்த மாற்றத்தைக் காணலாம். கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதையொட்டிப் பரவி வரும் பி.எல்.டி.சி. வகை விசிறிகள், பழைய விசிறி 70 முதல் 75 வாட் வரை செலவிட்ட இடத்தில் 30 வாட் அளவிலேயே ஓடுகின்றன. நாட்டுக்கும் வீட்டுக்கும் இது ஆதாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பழைய விசிறியைப் பிழைக்க வைத்த அந்தச் சில பத்து ரூபாய் வைத்தியம் இதில் செல்லாது. வேகத்தை ஆள்வது ஒரு மின்னணுப் பலகை. அது கெட்டால் அதே நிறுவனத்தின் அதே பலகை வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்கும் விசிறி, பலகை கிடைக்காத காரணத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போனால், சேமித்தது எங்கே போகும் என்ற கேள்விக்கு நட்சத்திரக் குறியீட்டில் பதில் இல்லை.

கணினியில் இதே கதையை மென்பொருள் நடத்துகிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலிச் சில்லும் இருந்தால்தான் முறைப்படி நிறுவப்படும். உறுப்புகள் அனைத்தும் நன்றாக உள்ள எண்ணற்ற கணினிகள், எந்தப் பாகமும் கெடாமலேயே முதுமை எய்திவிட்டன.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கட்டற்ற மென்பொருளான லினக்ஸ், பழைய கணினிகளிலும் இயங்கக் கூடியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் இதை முனைப்புடன் கைக்கொண்டால், ஒரு நிறுவனத்தின் கால அட்டவணைக்காகக் கணினிகளைக் கழிக்க வேண்டிய நிலை குறையும்.

தில்லி எடுத்த அடிகள்

கார் உதிரிபாகங்கள் தொடர்பாகத்தான் இந்தப் பிரச்னை முதலில் சட்டத்தின் கவனத்துக்கு வந்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனியார் பணிமனைகளுக்குத் தராமல் சந்தையைக் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் மொத்தம் ரூ. 2,544.64 கோடி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தும் உயர் நீதிமன்றங்களை அணுகியும் அதை எதிர்த்தன. எனினும், விற்றுவிட்ட பொருளின் மீது விற்றவரின் பிடி எதுவரை நீளலாம் என்ற கேள்வியை அந்த உத்தரவு நாட்டின் முன் வைத்தது.

மக்களவை 2019 ஜூலை 30-இலும் மாநிலங்களவை ஆகஸ்ட் 6-இலும் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோரின் உரிமைகள் என ஆறு உரிமைகளை அச்சட்டம் பட்டியலிட்டது. பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறியும் உரிமை அதில் உண்டு. பழுது நீக்கும் உரிமை பெயரிட்டுச் சொல்லப்படவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் நோக்கில், அப்போது நுகர்வோர் விவகாரத் துறையின் கூடுதல் செயலராக இருந்த நிதி கரே தலைமையில் 2022 ஜூலையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வேளாண் கருவிகள், செல்பேசிகளும் டேப்லெட்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது தேர்ந்தெடுத்தது. காலநிலை மாநாட்டில் 2021-இல் இந்தியா முன்வைத்த 'லைஃப்' வாழ்க்கைமுறை இயக்கத்துடன் இம்முயற்சி இணைத்துப் பேசப்பட்டது. தேசிய நுகர்வோர் தினமான 2022 டிசம்பர் 24-இல், பழுது நீக்கும் வழிமுறை, உதிரிபாகம், வாரண்டி ஆகிய விவரங்களை ஒரே இடத்தில் தரும் இணையவாசல் தொடங்கப்பட்டது. அதில் சேர்வது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே அமைந்தது.

இதற்கு அடுத்த கட்டம் 'பழுது நீக்கத் தகுதிக் குறியீடு'. கூடுதல் செயலர் பரத் கேரா தலைமையில் 2024 செப்டம்பரில் அமைக்கப்பட்ட குழு, 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. பொருளைப் பிரிப்பது எவ்வளவு எளிது, பழுது நீக்கத் தேவையான தகவல் கிடைக்கிறதா, உதிரிபாகங்கள் நியாயமான காலத்துக்குள் கிடைக்கின்றனவா, மென்பொருள் மேம்பாடுகள் வழங்கப்படுகின்றனவா, பிரிப்பதற்கான கருவிகள் எவை, திருகாணி முதலிய பிணைப்புகள் எவ்வகை ஆகிய அளவுகோல்களின்படி ஒவ்வொரு கருவிக்கும் மதிப்பெண் வழங்கலாம் என்பது அதன் பரிந்துரை. அந்த மதிப்பெண்ணைக் கடையிலும் இணைய விற்பனைத் தளத்திலும், பெட்டியின் மீதான கியூஆர் குறியீட்டிலும் வெளியிட வேண்டும் என்றும் அது கூறியது. மின்சாரச் செலவுக்கு நட்சத்திரம் பார்த்து வாங்கப் பழகிய இந்திய நுகர்வோர், ஆயுளுக்கும் மதிப்பெண் பார்த்து வாங்கும் வாய்ப்பை இது அளிக்கக்கூடும்.

ஆயினும், மதிப்பெண் என்பது தகவல், உரிமை அல்ல. குறைந்த மதிப்பெண் பெற்ற பொருளை விற்கத் தடை இல்லையென்றால், விலை குறைவான பொருளை வாங்கும் ஏழைக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது கேள்விக்குரியதே.

பிற நாடுகளின் பாதை

பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதலே இத்தகைய குறியீட்டைச் சில பொருள்களுக்குக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே சென்றது. 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் செல்பேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் 7 ஆண்டுகள் வரை முக்கிய உதிரிபாகங்களும், குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதள மேம்பாடுகளும் வழங்க வேண்டும் என விதி செய்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம், உதிரிபாகத்தை மென்பொருளால் பூட்டும் முறையையே தடை செய்தது.

இந்த விதிகளுக்கு உட்பட்டு ஐரோப்பாவில் பொருள் விற்கும் அதே நிறுவனங்கள்தான் இந்தியாவிலும் விற்கின்றன. அங்கு முடிந்தது இங்கு முடியாது என்று சொல்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருக்க முடியாது.

தயாரிப்பாளர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. போலி உதிரிபாகங்களால் விபத்து நேரலாம், கருவியிலுள்ள அந்தரங்கத் தகவல் திருடப்படலாம், நீர் புகாத வடிவமைப்புக்குப் பசை தேவை என்பவை அவர்கள் முன்வைக்கும் காரணங்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பழுதுக்குக் கொடுக்குமுன் தகவலுக்கு நகல் எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம் அட்டையை அகற்றிவிடுவது எவருக்கும் நல்லது. ஆனால் போலிப் பாகம் சந்தையில் செழிப்பதற்கு, அசல் பாகம் விற்கப்படாததும் ஒரு காரணம் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

சீலம்பூருக்குச் செல்லும் வழி

சரிசெய்யப்படாத பொருள் மறைந்துவிடுவதில்லை. ஐ.நா. ஆதரவுடன் 2024-இல் வெளியான உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. தலைநகரில் எஞ்சியவற்றின் பெரும் பகுதி யமுனைக்கு அப்பால் உள்ள சீலம்பூர் போன்ற பகுதிகளின் குறுகிய சந்துகளைச் சென்றடைகிறது. அங்கு தாமிரத்துக்காகக் கம்பிகளை எரிப்பதும், உலோகங்களுக்காகப் பலகைகளை அமிலத்தில் நனைப்பதும் ஏழைக் குடும்பங்களின் பிழைப்பாக இருந்து வந்துள்ளது. நேரு பிளேஸ் மேஜையில் உயிர்பெறும் ஒவ்வொரு கருவியும், சீலம்பூரின் நச்சுப் புகையில் ஒரு கை அளவேனும் குறைக்கிறது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் 106 வகைப் பொருள்களைத் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. தயாரிப்பாளர்களுக்கான மறுசுழற்சி இலக்கு, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80 என நிர்ணயிக்கப்பட்டது. கழிவை உடைத்து உலோகம் எடுப்பதற்கு இவ்வளவு துல்லியமான இலக்கு வகுக்க முடிந்த அரசால், பொருள் கழிவாகாமல் தடுப்பதற்கும் இலக்கு வகுக்க முடியும்.

இதில் ஒரு முரணையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. உலக நாடுகளின் பழுதான மின்னணுக் கருவிகளை இங்கு கொண்டுவந்து சரிசெய்து திருப்பி அனுப்பும் தொழிலை வளர்க்க, மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 மே 31-இல் பெங்களூரில் மூன்று மாத முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவை உலகின் பழுது நீக்கும் தலைநகராக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. கைத்திறனில் இந்தியர்களுக்குக் குறை இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அந்நிய நாட்டுப் பொருளைச் சரிசெய்யத் தகுதியுள்ள அந்தக் கைகளுக்கு, தம் நாட்டு மக்களின் பொருளைச் சரிசெய்ய வேண்டிய வரைபடமும் பாகமும் கிடைக்காதது ஏன்?

அவையின் முன் உள்ள பணி

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை பல அல்ல. உதிரிபாகம், கையேடு, பழுதறியும் மென்பொருள் ஆகியவற்றை நியாயமான விலையில், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, உரியவருக்கும் தனியார் பழுது நீக்குவோருக்கும் வழங்குவதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். வெளியார் திறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என அறிவிக்க வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்கிறது. பழுது நீக்குவதற்காகப் பூட்டைத் திறப்பது இதில் அடங்காது என்று ஒரு வரி சேர்த்தால், நடைபாதையில் மேஜை போட்டிருப்பவரின் அச்சம் நீங்கும்.

அதுவரை நுகர்வோருக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வது. உதிரிபாகம் இல்லை என்று கைவிரிக்கப்பட்ட ஒவ்வொரு நிகழ்வும் பதிவானால்தான், பிரச்னையின் அளவு ஆட்சியாளர்களுக்குத் தெரியும். மற்றொன்று, வாங்குமுன் கேட்பது. பேட்டரியை மாற்ற முடியுமா, எத்தனை ஆண்டுகள் மென்பொருள் மேம்பாடு வரும், பாகம் தனியாகக் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளை விலை கேட்பதற்கு முன் கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு வரும்.

விலை கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்பதே இந்த விவாதத்தின் அடிப்படை. அதைத் திறக்கவும் சரிசெய்யவும் உரியவருக்கு இயலாது என்றால், அவர் வாங்கியது பொருளை அல்ல, சில ஆண்டுகளுக்கான வாடகை உரிமையை மட்டுமே. கோடையில் மின்விசிறி நின்றால் முக்காலி போட்டு ஏறி, கண்டன்சரை மாற்றிவிட்டு இறங்கும் குடும்பத் தலைவருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. சட்டம் இயற்றுவோருக்குத்தான் விளக்க வேண்டியுள்ளது.